தேடினால் கிடைக்கும் படம்

உரைநடை உலகம்

நுழையும்முன்

திறன்பேசி கைக்கு வந்தபின் நம்மில் பலரும் ஒளிப்படக்காரர்கள் ஆகிவிட்டோம். எடுக்கிறோம், அனுப்புகிறோம், மறந்துவிடுகிறோம். எடுத்த படத்தைப் பாதுகாத்தல், வேண்டும்போது கண்டெடுத்தல், இயல்பு கெடாமல் துலக்குதல் ஆகியவை ஒளிப்படக் கலையின் மறுபாதி. அப்பணிக்குத் துணைநிற்கும் மென்பொருளைப் பொழுதுபோக்காகப் படம் எடுக்கும் ஒருவர் எவ்வாறு தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

என் பாட்டி மறைந்த நாளின் காலை அது. மாலையிடுவதற்கு ஒரு படம் வேண்டும் என்றார் சித்தப்பா. “எப்போதும் கேமராவும் கையுமாகத்தானே திரிகிறாய், நல்ல படமாக ஒன்று எடுத்துக் கொடு” என்றார். அப்படி ஒரு படம் என்னிடம் இருந்தது. திண்ணையில் அமர்ந்து முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டே, யாரோ சொன்ன ஏதோ ஒன்றுக்காகப் பாட்டி வாய்விட்டுச் சிரித்த படம். கணினியைத் திறந்தேன். ‘புதிய கோப்புறை’, ‘புதிய கோப்புறை 2’, ‘பழைய கேமரா’, ‘எல்லாம்’ என்ற பெயர்களில் கோப்புறைகள் நிறைந்திருந்தன. அவற்றுள், வெறும் எண்களையே பெயராகக் கொண்ட ஏறத்தாழ இருபதாயிரம் படங்கள். இரண்டு மணிநேரம் தேடினேன். கிடைக்கவில்லை. இறுதியில் வாக்காளர் அடையாள அட்டைக்காக எடுத்த படத்தைப் பெரிதாக்கி மாலையிட்டோம். அதில் பாட்டி சிரிக்கவில்லை.

மூன்று மாதங்கள் கழித்து, வேறெதையோ தேடியபோது அப்படம் கண்ணில் பட்டது. 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் எடுத்ததாகக் கணினி காட்டிய படங்களுக்கு நடுவே அது இருந்தது. கேமராவின் மின்கலம் முற்றிலும் தீர்ந்ததால் அதன் கடிகாரம் தொடக்க நாளுக்குத் திரும்பியிருக்கிறது. நான் அதைக் கவனிக்கவில்லை. படம் தொலையவில்லை, அதனை அடையும் வழி தொலைந்திருந்தது. ஒளிப்பட மென்பொருள் என்றால் படத்தை அழகுபடுத்தும் கருவி என்று மட்டுமே அதுவரை எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை அன்று மாற்றிக்கொண்டேன்.

பெருகிய படங்கள்

1975ஆம் ஆண்டு கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் எண்ணிமக் கேமரா ஒன்றை உருவாக்கினார். அது எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில் நூற்றுக்கு நூறு என்ற கணக்கில் பத்தாயிரம் புள்ளிகளே இருந்தன. அப்படத்தை ஒலிநாடாவில் பதிவுசெய்ய 23 நொடிகள் ஆயின. இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் திறன்பேசி ஒரே நொடியில் கோடிக்கணக்கான புள்ளிகள் கொண்ட படத்தை எடுத்துச் சேமித்துவிடுகிறது.

படச்சுருள் காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படங்கள் என்ற வரையறை இருந்தது. ஒவ்வொரு சொடுக்கிற்கும் செலவு உண்டு. எனவே, எண்ணி எடுத்தார்கள். அச்சிட்ட படங்களை ஆல்பத்தில் ஒட்டினார்கள். படத்தின் பின்புறம் நாளையும் ஊரையும் எழுதி வைத்தார்கள். எண்ணிமக் காலத்தில் செலவு குறைந்தது. அதனுடன் எழுதி வைக்கும் பழக்கமும் குறைந்தது. ஒரு படம் ஐந்து மெகாபைட் எனக் கொண்டால், இருபதாயிரம் படங்கள் நூறு கிகாபைட் இடத்தை நிரப்பும். அவ்வளவையும் சேமிக்க இன்று உள்ளங்கை அளவுள்ள வன்தட்டு போதும். அவற்றுள் ஒன்றைக் கண்டெடுப்பதுதான் அரிதாகிவிட்டது.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்காவின் சிகாகோ நகரில் குழந்தைகளைப் பராமரிக்கும் பணி செய்தவர் விவியன் மேயர். பொழுதுபோக்காகத் தெருக்காட்சிகளைப் படம் எடுத்த அவர், அவற்றைப் பெரும்பாலும் எவரிடமும் காட்டவில்லை. வாடகை செலுத்தப்படாத சேமிப்பறையில் இருந்த அவருடைய உடைமைகள் 2007இல் ஏலத்திற்கு வந்தன. பெட்டிகளைத் திறந்தவர்கள் ஒரு பெரும் கலைஞரைக் கண்டனர். அவர் விட்டுச்சென்ற எதிர்மங்கள் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டவை. பல சுருள்கள் கழுவப்படாமலே இருந்தன. 2009இல் அவர் மறைந்தபின்னரே உலகம் அவரை அறிந்தது. எந்தப் படம் எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்பதை ஆய்வாளர்கள் பெருமுயற்சியுடன் கண்டறிய வேண்டியதாயிற்று.

படத்தோடு பயணிக்கும் குறிப்பு

ஓலைச்சுவடிகளின் இறுதியில், படியெடுத்தவர் தம் பெயரையும் எழுதி முடித்த நாளையும் குறித்து வைப்பதுண்டு. நூலின் உள்ளடக்கத்தைச் சாராத அச்சில வரிகள், பிற்காலத்தவர் சுவடியின் வரலாற்றை அறிவதற்கு உதவுகின்றன. எண்ணிம ஒளிப்படத்திற்கும் இத்தகைய குறிப்புகள் உண்டு. அவற்றை உள்குறிப்புகள் எனலாம்.

உள்குறிப்புகள் இருவகைப்படும். முதல்வகை, கேமரா தானாக எழுதுவது. எடுத்த நாள், நேரம், கேமராவின் பெயர், வில்லையின் திறப்பு, ஒளி புகுந்த கால அளவு, சில கருவிகளில் இடத்தின் நிலநேர்க்கோடும் குறுக்குக்கோடும் ஆகியவை இதில் அடங்கும். இதற்கு எக்சிஃப் என்று பெயர். இரண்டாம் வகை, நாம் எழுதுவது. தலைப்பு, விளக்கம், குறிச்சொல், எடுத்தவர் பெயர் ஆகியன இவ்வகையின. செய்தி நிறுவனங்களின் தேவைக்காகப் பிறந்த ஐபிடிசி என்ற முறையும், 2001இல் அடோபி நிறுவனம் உருவாக்கிப் பின்னர் 2012இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட எக்ஸ்எம்பி என்ற முறையும் இக்குறிப்புகளைக் கோப்பிலேயே எழுதி வைக்க உதவுகின்றன.

கேமராவுக்கு நாள் தெரியும், பாட்டியைத் தெரியாது. ‘பாட்டி’, ‘திண்ணை’, ‘உளுந்து புடைத்தல்’ என்று எழுத வேண்டியவர் படம் எடுத்தவரே. இக்குறிச்சொற்களைத் தமிழிலேயே எழுதலாம். ஒருமுறை ‘பொங்கல்’ என்றும், மறுமுறை ‘தைப்பொங்கல்’ என்றும், பின்னொருமுறை ‘பொங்கல் விழா’ என்றும் எழுதினால் ஒரே விழாவின் படங்கள் மூன்றிடங்களில் சிதறும். ஆதலின், ஒரு பொருளுக்கு ஒரு சொல் என உறுதிசெய்து, அப்பட்டியலைத் தனியே எழுதி வைத்துக்கொள்ளுதல் நன்று.

புலனம் வழியாகப் படத்தைப் படமாகவே அனுப்பும்போது அதன் அளவு சுருக்கப்படுகிறது, உள்குறிப்புகளும் நீக்கப்படுகின்றன. அதனையே ஆவணமாக இணைத்து அனுப்பினால் கோப்பு மாறாமல் சென்றடையும். உறவினரின் திருமணப் படங்களைச் சேகரிப்போர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் வேண்டும்.

மென்பொருள் மூவகை

ஒளிப்பட மென்பொருள்களை அவை செய்யும் பணியின் அடிப்படையில் மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, அடுக்குபவை. இவை படங்களை நாள், இடம், ஆள், குறிச்சொல் என்ற முறையில் வகைப்படுத்தித் தேடித்தரும். டிஜிகேம் என்ற கட்டற்ற மென்பொருள் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. குறிச்சொற்களை மாவட்டம், அதனுள் ஊர், அதனுள் தெரு என்று கிளைகளாக அமைக்கவும், முகங்களை அடையாளம் கண்டு தொகுக்கவும் இதில் வசதியுண்டு.

இரண்டாவது, துலக்குபவை. இவை படம் முழுவதன் ஒளி, நிறம், நிழல் ஆகியவற்றைச் சீராக்கும். டார்க்டேபிள், ராதெரபி ஆகிய கட்டற்ற மென்பொருள்கள் இவ்வகையின. அடோபி நிறுவனம் 2007இல் வெளியிட்ட லைட்ரூம் என்ற கட்டண மென்பொருள், அடுக்குதல், துலக்குதல் ஆகிய இருபணிகளையும் சேர்த்துச் செய்கிறது.

மூன்றாவது, மாற்றி அமைப்பவை. ஒன்றன்மேல் ஒன்றாகப் படலங்களை வைத்து, வேண்டாதவற்றை நீக்கவும், எழுத்துகளைச் சேர்க்கவும், இரு படங்களை இணைக்கவும் இவை பயன்படுகின்றன. தாமஸ் நால், ஜான் நால் என்ற உடன்பிறந்தோர் உருவாக்கி 1990இல் வெளிவந்த போட்டோஷாப் இவ்வகையில் புகழ்பெற்றது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் இருவர் தொடங்கி 1996இல் வெளியிட்ட கிம்ப், இப்பணியைக் கட்டணமின்றிச் செய்கிறது.

பழுதடைந்த பழைய படத்தைச் செப்பனிட விரும்புபவருக்கு மூன்றாம் வகை தேவை. ஆண்டுக்கு ஐயாயிரம் படங்கள் எடுத்துக் குவிப்பவருக்கோ முதல்வகையே முதன்மைத் தேவை. பலர் போட்டோஷாப்பைக் கற்பதற்கே ஆண்டுகளைச் செலவிட்டுவிட்டுத் தம் படங்களை இன்னும் ‘புதிய கோப்புறை’யிலேயே வைத்திருக்கின்றனர், நானும் அவர்களுள் ஒருவனாக இருந்தேன்.

மூலத்தைத் தொடாத திருத்தம்

1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக், நாம் அன்றாடம் காணும் படவடிவம். கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுட்பங்களைக் கழித்துக் கோப்பைச் சுருக்குவது அதன் இயல்பு. ஒரு ஜேபெக் படத்தைத் திறந்து, திருத்தி, அதன் மீதே சேமிக்குந்தோறும் சிறிது நுட்பம் இழக்கப்படுகிறது. கழித்ததை மீட்க இயலாது.

சில கேமராக்கள் ‘ரா’ எனப்படும் மூலக்கோப்பையும் தருகின்றன. ஜேபெக் படத்தில் ஒவ்வொரு வண்ணமும் 256 படிநிலைகளில் பதிவாகிறது. 14 பிட் மூலக்கோப்பிலோ 16,384 படிநிலைகள் உள்ளன. திண்ணையின் நிழலில் அமர்ந்திருக்கும் ஒருவரின் முகம் இருண்டுபோயிருந்தால், மூலக்கோப்பிலிருந்து அம்முகத்தை வெளிச்சத்திற்குக் கொண்டுவருதல் எளிது. இத்தகைய கோப்பைத் திறக்க, அக்கேமராவை அறிந்த மென்பொருள் தேவை.

டார்க்டேபிள், லைட்ரூம் முதலியன மூலத்தைத் தொடாமல் திருத்துகின்றன. ‘ஒளியை இவ்வளவு கூட்டுக, இடப்புறம் இவ்வளவு வெட்டுக’ என்ற கட்டளைகளை மட்டுமே தனியே எழுதி வைக்கின்றன. திருத்திய படத்தைத் தனிக்கோப்பாக வெளியே எடுக்கும்போதுதான் அக்கட்டளைகள் புதிய படியில் செயல்படும். மூலப்படம் எடுத்தபடியே இருக்கும். பத்தாண்டு கழித்து நம் சுவை மாறினாலும், முதலிலிருந்து மீண்டும் தொடங்கலாம்.

மென்பொருளுக்கும் முடிவு உண்டு

கூகுள் நிறுவனம் 2004இல் தனதாக்கிக்கொண்டு இலவசமாக வழங்கிய பிகாசா, எளிமையால் பலரது வீட்டுக் கணினிகளில் இடம்பிடித்தது. 2016 மார்ச் மாதத்துடன் அதற்கான ஆதரவு நிறுத்தப்பட்டது. ஆப்பிள் நிறுவனம் 2005இல் வெளியிட்ட அபெர்ச்சர், ஒளிப்படக் கலைஞர் பலரும் விலைகொடுத்து வாங்கிய மென்பொருள். அதன் வளர்ச்சி நிறுத்தப்படுவதாக 2014இல் அறிவிப்பு வந்தது. 2015இல் விற்பனையும் முடிந்தது. 2019இல் வந்த மேக் இயங்குதளத்தில் அது இயங்கவே இல்லை. இலவசமானதும் மறைந்தது, விலையுள்ளதும் மறைந்தது.

அவ்வாறு மறையும்போது படங்கள் அழிவதில்லை. அவற்றைப் பற்றி நாம் எழுதியவை என்னாகும் என்பதே வினா. குறிப்புகளைப் படக்கோப்பினுள்ளோ, அதனருகே தனிக்கோப்பாகவோ எழுதும் மென்பொருளை விட்டு வெளியேறினால் குறிப்புகளும் உடன்வரும். தன் தரவுத்தளத்தில் மட்டுமே எழுதும் மென்பொருளை விட்டு வெளியேறினால், நாம் பல மாலைப்பொழுதுகளில் எழுதிய பெயர்களும் ஊர்களும் அங்கேயே தங்கிவிடும். லைட்ரூம், டிஜிகேம் ஆகிய இரண்டுமே தரவுத்தளத்தைக் கொண்டவை; ஆயினும், குறிப்புகளைக் கோப்பிலும் எழுதுமாறு அமைப்பில் மாற்றிக்கொள்ள இரண்டும் இடந்தருகின்றன. அந்த ஓர் அமைப்பை முதல்நாளே சரிபார்த்துவிட வேண்டும்.

சந்தா முறையும் எண்ணிப்பார்க்கத் தக்கது. 2015இல் வந்த ஆறாம் பதிப்புக்குப் பின் லைட்ரூமை ஒரேமுறை விலைகொடுத்து வாங்கும் வழி நின்று, சந்தாவே வழியாயிற்று. கணினியில் இயங்கும் லைட்ரூம் கிளாசிக்கின் சந்தா முடிந்தாலும் படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். ஆனால், துலக்கும் பகுதி மூடப்படும். தொழில்முறைக் கலைஞருக்கு இச்செலவு தகுதியுடையதாக இருக்கலாம். ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே படம் எடுக்கும் மாணவர் இருமுறை சிந்திக்க வேண்டும்.

தேர்வுக்கு ஐந்து வினாக்கள்

எந்த மென்பொருளையும் நிறுவுமுன் பின்வரும் வினாக்களை எழுப்பி விடை காணுதல் வேண்டும்.

1. என் முதன்மைத் தேவை அடுக்குதலா, துலக்குதலா, மாற்றி அமைத்தலா?
2. இது மூலப்படத்தைத் தொடாமல் திருத்துமா? என் கேமராவின் மூலக்கோப்பைத் திறக்குமா?
3. நான் எழுதும் குறிப்புகளைப் படக்கோப்பிலேயே எழுதுமா? தமிழ் எழுத்துகளைச் சிதைக்காமல் காட்டுமா?
4. நாளை இதனை விட்டு விலக நேர்ந்தால், எதனை எடுத்துச்செல்ல இயலும்? எதனை இழப்பேன்?
5. இதன் செலவையும், இது கோரும் கணினித் திறனையும் நான் தொடர்ந்து தாங்க இயலுமா?

விடைகளை விளம்பரத்தில் தேடாமல் சோதனையில் தேடலாம். நூறு படங்களைப் படியெடுத்துத் தனிக்கோப்புறையில் வையுங்கள். அவற்றுள் பத்துப் படங்களுக்குத் தமிழில் குறிச்சொல் எழுதுங்கள். ஐந்து படங்களைத் துலக்குங்கள். பின்னர் அக்கோப்புறையை வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். குறிச்சொற்கள் அங்கும் தெரிந்தால் அவை உங்களுடையவை. துலக்கிய கட்டளைகள் மட்டும் பெரும்பாலும் அங்குச் செல்லமாட்டா. ஒவ்வொரு மென்பொருளும் அவற்றைத் தனக்கே உரிய முறையில் எழுதுகிறது. ஆகவே, மிக விரும்பும் படங்களைத் துலக்கியபின் முழுத்தரத்தில் தனிப்படமாகவும் சேமித்து வைத்தல் நலம்.

தெரிந்து தெளிவோம்

படங்களைக் காக்கும் எளிய விதி ‘மூன்று – இரண்டு – ஒன்று’ என்பது. ஒவ்வொரு படத்திற்கும் மூன்று படிகள் இருக்க வேண்டும். அவை இருவேறு வகைச் சேமிப்புக் கருவிகளில் இருக்க வேண்டும். ஒன்றேனும் வீட்டிற்கு வெளியே, உறவினர் இல்லத்திலோ மேகக் கணிமைச் சேமிப்பிலோ இருக்க வேண்டும். வெள்ளமோ திருட்டோ நேர்ந்தாலும் ஒரு படி எஞ்சும். கறையான் அரிப்பதற்கு முன் சுவடிகளைப் புதிய ஓலைகளில் படியெடுத்த நம் முன்னோர் பின்பற்றியதும் இந்த அறிவையே.

பகிர்வில் பொறுப்பு

உள்குறிப்புகள் நமக்குத் துணை. பிறர் கைக்குச் சென்றால் சிலவேளைகளில் அவையே தீங்காகலாம். வீட்டின் இருப்பிடத்தைச் சுமந்த படத்தைப் பொதுவெளியில் இடுவது முகவரியை வெளியிடுவதற்கு ஒப்பாகும். படத்தை வெளியே எடுக்கும்போது இருப்பிடக் குறிப்பை நீக்கும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. சேமிப்பில் குறிப்பு முழுமையாக இருக்கட்டும்; பகிர்வில் அளவோடு இருக்கட்டும். குழந்தைகளின் பெயர்களையும் முகங்களையும் பகிர்வதில் இக்கவனம் இருமடங்காக வேண்டும்.

பாட்டியின் நாள்

நான் இறுதியில் டிஜிகேமை அடுக்குவதற்கும் டார்க்டேபிளைத் துலக்குவதற்கும் தேர்ந்துகொண்டேன். என் பழைய மடிக்கணினி இரண்டையும் தாங்கியது, செலவும் இல்லை. பிறருக்கு வேறு விடை பொருந்தலாம். வினாக்கள் பெரும்பாலும் இவையே.

முதலில் நான் எடுத்துக்கொண்ட பணி, பொய்யான நாள் கொண்ட அந்தப் படங்களைச் சரிசெய்வது. ஒவ்வொன்றாகப் பார்த்துவந்தபோது, ஒரு படத்தின் ஓரத்தில் சுவரில் தொங்கிய நாள்காட்டி தெரிந்தது. பெரிதாக்கினேன். கிழிக்கப்படாத தாளில் நாளும் மாதமும் ஆண்டும் தெளிவாக இருந்தன. கேமரா காட்டிய நாளுக்கும் அந்நாளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டேன். ஒரு தொகுதிப் படங்களின் நாளை ஒருசேர நகர்த்தும் வசதி மென்பொருளில் இருந்தது. சில நொடிகளில் அப்படங்கள் அனைத்தும் தத்தம் நாளுக்குத் திரும்பின. அந்தக் கோடை விடுமுறை முழுவதும் வரிசையாக என்முன் விரிந்தது. உளுந்து புடைத்த அன்று மாலை பாட்டி வடை சுட்டிருக்கிறார். அந்தப் படமும் இருந்தது. நான் அதை மறந்தே போயிருந்தேன்.

திண்ணைப் படத்தைத் துலக்கி, அச்சிட்டு, சித்தப்பாவிடம் கொடுத்தேன். பழைய படத்தை எடுத்துவிட்டு இதனை மாட்டினார். படத்தின் பின்புறம் நாளையும் ஊரையும் பாட்டியின் பெயரையும் எழுதியிருந்தேன். அதே மூன்று குறிப்புகள் கோப்பினுள்ளும் உள்ளன. யார், எப்போது, எங்கே என்ற மூன்றும் எழுதப்பட்ட படத்தை, எழுதியவர் இல்லாத காலத்திலும் ஒருவர் தேடிக் கண்டெடுப்பார்.

சொற்பொருள்

உள்குறிப்பு – படக்கோப்பினுள் எழுதப்பட்ட, அப்படத்தைப் பற்றிய செய்தி
எதிர்மம் – படச்சுருளில் ஒளியும் நிழலும் மாறிப் பதிந்த படம்
கட்டற்ற மென்பொருள் – எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் மென்பொருள்
துலக்குதல் – ஒளியும் நிறமும் சீராக்கித் தெளிவுபடுத்துதல்
படலம் – படத்தின் மேல் வைக்கப்படும் தனி அடுக்கு

பாடநூல் வினாக்கள்

பலவுள் தெரிக

1. படம் எடுத்த நாளையும் நேரத்தையும் கேமரா தானாக எழுதும் முறை
அ) ஐபிடிசி ஆ) எக்சிஃப் இ) ஜேபெக் ஈ) கிம்ப்

2. பொருத்தமான இணையைத் தேர்க.
அ) டிஜிகேம் – மாற்றி அமைத்தல் ஆ) கிம்ப் – அடுக்குதல் இ) டார்க்டேபிள் – துலக்குதல் ஈ) ராதெரபி – முகம் அறிதல்

குறுவினா

1. பாட்டியின் படம் உடனே கிடைக்காமைக்குக் காரணங்கள் யாவை?
2. ஒரு பொருளுக்கு ஒரே குறிச்சொல் ஏன் வேண்டும்?
3. ‘மூன்று – இரண்டு – ஒன்று’ விதியைக் கூறுக.

சிறுவினா

1. மூலத்தைத் தொடாத திருத்தம் என்பதனை விளக்குக.
2. ஓலைச்சுவடியின் இறுதிக் குறிப்பையும் ஒளிப்படத்தின் உள்குறிப்பையும் ஒப்பிடுக.

நெடுவினா

‘மென்பொருளுக்கும் முடிவு உண்டு’ – இக்கூற்றின் அடிப்படையில், ஒளிப்பட மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது கருத்திற்கொள்ள வேண்டியவற்றைத் தொகுத்து எழுதுக.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் இல்லத்தில் உள்ள பழைய ஒளிப்படங்கள் பத்தினைத் தேர்ந்து, மூத்தோரிடம் கேட்டு, யார், எப்போது, எங்கே என்ற குறிப்புகளை எழுதுக.
2. உங்கள் பள்ளி விழாக்களின் படங்களை அடுக்குவதற்கான தமிழ்க் குறிச்சொல் பட்டியல் ஒன்றைக் குழுவாக உருவாக்குக.